சங்கடப்படலையும் ஒரு தூரிகை மயிரும்: யாழ்ப்பாண ஓவியர் ஒருவரின் இணையத்தளம் பற்றிய நிகழ்வு ஆய்வு

2023 ஜனவரி மாதத்தின் இரண்டாம் வாரத்தில், கொக்குவிலில் வசிக்கும் ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியை ஒருவர், வழமையாக மாத்திரை வாங்கும் மருந்துக்கடையின் சுவரில், தாம் 2018இல் நீர்வண்ணத்தில் வரைந்த சங்கடப்படலை (கூரை வேய்ந்த வளவு வாசல்) ஓவியம் புதுவருட நாட்காட்டியாகத் தொங்குவதைக் கண்டார். ஓவியத்தின் கீழ்ப்பகுதியில் ஏறக்குறைய இரண்டு விரற்கடை அளவு வெட்டப்பட்டிருந்தது. வலப்பக்க மூலையில் அவர் இட்டிருந்த கையொப்பம் அந்த வெட்டோடு போயிருந்தது. அதன் இடத்தில் நகரத்துப் புடவைக்கடையொன்றின் பெயரும் தொலைபேசி இலக்கங்களும் அச்சாகியிருந்தன. அவர் கடைக்காரரிடம் எதுவும் கேட்கவில்லை. மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

நான் அவரிடம் சித்திரம் படித்தவன். அவருடைய இணையத்தளத்தை 2019இல் அமைத்துக் கொடுத்தவனும் நான்தான். ஆகவே நடந்ததில் என் பங்கும் இருக்கிறது. அதை மறைக்காமல் எழுதுவதென்ற உடன்பாட்டின் பேரிலேயே ஆசிரியை இந்த நிகழ்வைப் பதிவு செய்யச் சம்மதித்தார். அவருடைய பெயரையும், கடை, அச்சகம் ஆகியவற்றின் பெயர்களையும், பிற்பகுதியில் வரும் ரொறன்ரோக் குடும்பத்தின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன்.

பின்னணி

ஆசிரியை வரைவது பெரும்பாலும் மறைந்துகொண்டிருக்கும் யாழ்ப்பாணத்துக் கட்டுமானங்களை. பருத்தித்துறைத் தெருமூடிமடம், தெருவோரச் சுமைதாங்கிகள், மாடுகள் முதுகு தேய்ப்பதற்காக நட்ட ஆவுரஞ்சிக்கற்கள், துலாக்கிணறுகள், நாற்சார் வீடுகளின் முற்றங்கள் என்று 60க்கும் மேற்பட்ட ஓவியங்கள் தொகுதியாக உள்ளன. சங்கடப்படலை அவற்றுள் ஒன்று. வளவின் வாசலில் கூரை வேய்ந்து, இருபுறமும் திண்ணை கட்டி, வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க இடம் விட்ட அந்தப் படலைகளில் மிகச் சிலவே இன்று எஞ்சியிருக்கின்றன. அவர் வரைந்த படலைகூட 2020இல் மதில் கட்டுவதற்காக இடிக்கப்பட்டுவிட்டது.

இந்தத் தொகுதிக்கு முன்னர் அவரிடம் இன்னொரு தொகுதி இருந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்திலிருந்து மக்கள் மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனபோது, அவருடைய குடும்பமும் கையில் எடுத்துக்கொள்ளக் கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. பத்து ஆண்டுகளுக்கு மேலாக அவர் வரைந்து சேர்த்த ஓவியங்கள் வீட்டின் மேற்தட்டில் ஒரு மரப்பெட்டியில் இருந்தன. மறுவருடம் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை, பெட்டியும் இல்லை. அவற்றுள் ஒன்றுக்குக்கூடப் புகைப்படம் எடுக்கப்பட்டிருக்கவில்லை. 1981இல் பொது நூலகம் எரிந்த ஊரில் வாழும் எவருக்கும், ஒரே பிரதி ஒரே இடத்தில் இருப்பதன் பொருள் விளக்காமலே விளங்கும்.

2019இல் இணையத்தளம் அமைக்கும்போது ஆசிரியை சொன்னது இதுதான்: "தம்பி, இந்த வீட்டுக்கு என்ன நடந்தாலும் படம் எங்கையாவது முழுசா இருக்க வேணும்." அந்த விருப்பத்தை நான் சொல்லுக்குச் சொல் நிறைவேற்றினேன். ஏ4 அளவுத் தாள்களை 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம், ஸ்கான் செய்தேன். ஒவ்வொரு கோப்பும் 4961க்கு 7016 பிக்சல், ஏறக்குறைய 9 மெகாபைட். அந்தக் கோப்புகளை, வேர்ட்பிரஸ் என்ற தளம் அமைக்கும் மென்பொருளில் ஆக்கிய தளத்தில் அப்படியே ஏற்றினேன். பக்கத்தில் படம் சிறிதாகத் தெரியும்; அதன்மேல் சொடுக்கினால் முழுக் கோப்பும் திறக்கும். கோப்பின் பெயர் ஸ்கானர் இட்ட பெயராகவே இருந்தது: 'ஸ்கான்0047'. பக்கத்தின் தலைப்பில் 'சங்கடப்படலை' என்ற சொல்லைத் தவிர வேறு எழுத்து இல்லை. ஓவியரின் பெயர் முகப்புப் பக்கத்தில் மட்டும் இருந்தது.

பின்னாளில் நடந்த எல்லாவற்றுக்கும் வேர் இந்த அமைப்பில் இருக்கிறது. பேணிவைக்கும் பெட்டகமும் ஊருக்குக் காட்டும் சுவரும் வேறு வேறு தேவைகள். பெட்டகத்துக்கு முழு அளவும் பூட்டும் வேண்டும், சுவருக்கு அளவான படமும் தெளிவான பெயர்ப்பலகையும் வேண்டும். நான் இரண்டையும் ஒரே தளத்தில் போட்டு, பெட்டகத்தைப் பூட்டாமலும் சுவரில் பெயர் எழுதாமலும் விட்டிருந்தேன்.

படம் எந்த வழியாகப் போனது

முதலில் நாட்காட்டியில் இருப்பது எங்கள் கோப்பிலிருந்துதான் எடுக்கப்பட்டது என்பதை நிறுவ வேண்டியிருந்தது. ஒரே படலையை வேறொருவரும் வரைந்திருக்கலாம், அல்லது யாராவது ஓவியத்தைக் கண்காட்சியில் படம் பிடித்திருக்கலாம் என்ற மறுப்பு வரக்கூடும். ஆசிரியை நாட்காட்டியின் ஒரு பிரதியை அயல்வீட்டிலிருந்து வாங்கி வந்து, மேசையில் விரித்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு மிக அருகில் குனிந்து பார்த்தார். இடப்பக்கத் தூணுக்கு மேலே, ஈரம் காயுமுன் விழுந்த ஒரு துளி நீர் நிறத்தைத் தள்ளி, காலிஃபிளவர் பூவின் விளிம்புபோல ஒரு கறையை விட்டிருந்தது. அது ஓவியத்தில் உள்ளது. அதற்குச் சற்றுக் கீழே, தூணின் அடியில், மூன்று மில்லிமீற்றர் நீளத்தில் வளைந்த மெல்லிய கருங்கோடு ஒன்று இருந்தது. அது அவர் வரைந்த கோடு அன்று. ஸ்கான் செய்தபோது தாளில் ஒட்டியிருந்த தூரிகை மயிர். 2021இல் ஓவியத்தை ரொறன்ரோவிலுள்ள ஒரு குடும்பத்துக்கு விற்றபோது, கண்ணாடிச் சட்டம் போடுவதற்கு முன் சாமணத்தால் அந்த மயிரை எடுத்துவிட்டதை அவர் தெளிவாக நினைவில் வைத்திருந்தார். எனவே மயிரோடு கூடிய சங்கடப்படலை உலகில் ஒன்றே ஒன்று: நான் ஏற்றிய ஸ்கான் கோப்பு.

"படலை எல்லாருக்கும் பொது, தம்பி. ஆர் வேணுமெண்டாலும் வரையலாம். ஆனா அந்தத் தண்ணிக்கறை என்ரை," என்றார். சட்டத்தின் நிலைப்பாடும் ஏறக்குறைய இதுவே என்பதைப் பின்னர் காட்டுகிறேன்.

கடைக்காரர் அச்சகத்தைக் காட்டினார். அச்சகத்தார் வடிவமைத்த இளைஞரைக் காட்டினார். அந்த இளைஞரை நானும் ஆசிரியையும் நேரில் சந்தித்தோம். அவர் எதையும் மறைக்கவில்லை. 2022இன் இறுதியில் தாளின் விலை ஏறியிருந்ததால், நாட்காட்டிக்கென்று புதிதாக ஓவியமோ புகைப்படமோ வாங்க ஒருவரும் காசு ஒதுக்கவில்லை. 'யாழ்ப்பாணத்துப் பழைய வாசல்' மாதிரி ஏதாவது வேண்டும் என்று கடைக்காரர் கேட்டிருந்தார். இளைஞர் கூகுள் படத்தேடலில் 'சங்கடப்படலை' என்று தேடி, அச்சுக்கு உதவக்கூடிய படம் வேண்டுமென்பதற்காக அளவு வடிகட்டியில் 'பெரியது' என்பதைத் தெரிவு செய்திருந்தார். வந்தவற்றுள் முன்னுக்கு நின்றது எங்கள் கோப்பு. அவர் தளத்துக்குள் வரவே இல்லை. தேடல் முடிவிலிருந்து கோப்பை நேராக இறக்கிக்கொண்டார். "ரீச்சர், அதில பேரே இல்லை. கூகுளில சும்மா கிடந்தது," என்று அவர் சொன்னபோது, ஆசிரியை என்னைத்தான் பார்த்தார்.

அந்தப் பார்வை நியாயமானது. பத்து அங்குலத்துக்குப் பதின்மூன்று அங்குலம் அளவில் 300 டிபிஐயில் அச்சிடுவதற்கு 3000க்கு 3900 பிக்சல் வேண்டும். எங்கள் கோப்பு அதைவிட மிகப் பெரியது. அதே படம் 1200 பிக்சல் உயரத்தில் மட்டும் இருந்திருந்தால், 300 டிபிஐயில் நான்கு அங்குலத்துக்கு மேல் தெளிவாக அச்சிட முடியாது. அளவு வடிகட்டியில் அகப்பட்டிருப்பதும் சந்தேகமே. கையொப்பம் இருந்தது உண்மை. ஆனால் வாசிக்கத் தெரிந்தவருக்கே விளங்கும் தமிழ்ச் சுழியாக, வெட்டுவதற்கு மிக வசதியான மூலையில் இருந்தது.

சட்டத்தில் ஆசிரியையின் நிலை

இச்செய்தி பரவியதும் ஆளுக்கொரு ஆலோசனை சொன்னார்கள். கொழும்பில் பதிவு செய்யாத படத்துக்கு உரிமை இல்லை என்றார் ஒருவர். படத்தைத் தனக்குத்தானே பதிவுத் தபாலில் அனுப்பி உறையைப் பிரிக்காமல் வைத்திருக்க வேண்டும் என்றார் இன்னொருவர். இணையத்தில் போட்டால் பொதுச்சொத்து என்று அச்சகத்தாரே முதலில் வாதிட்டார். மூன்றும் தவறு.

இலங்கையில் நடைமுறையிலுள்ளது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அதன் 6ஆம் பிரிவின்படி ஒரு படைப்பு ஆக்கப்பட்டது என்ற ஒரே காரணத்தினாலேயே பாதுகாப்பைப் பெறுகிறது. தேசிய புலமைச் சொத்து அலுவலகம் வர்த்தகக் குறிகளையும் ஆக்கவுரிமைகளையும் கைத்தொழில் வடிவமைப்புகளையும் பதிவு செய்கிறது. பதிப்புரிமைக்கு அங்கே பதிவு என்ற நடைமுறையே இல்லை. வெளிநாட்டிலும் இதே நிலைதான். 1886இல் உருவான பேர்ண் உடன்படிக்கை, எந்தச் சடங்குமுறையும் இல்லாமல் உறுப்பு நாடுகள் ஒன்றின் படைப்பை மற்றொன்று காக்க வேண்டும் என்கிறது. கனடா 1928இலும், இலங்கை 1959இலும், அமெரிக்கா 1989இலும் அதில் இணைந்தன. கொக்குவிலில் காய்ந்த ஓவியத்துக்கு ரொறன்ரோவிலும் உரிமை உண்டு. அதற்கு உறையும் வேண்டாம், முத்திரையும் வேண்டாம்.

8ஆம் பிரிவு எண்ணங்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்கிறது. சங்கடப்படலையை வரைவது என்ற எண்ணம் எவருக்கும் சொந்தமன்று. ஆசிரியையின் நீர்க்கறை, அவர் தெரிந்த கோணம், திண்ணையில் விழும் நிழலுக்கு அவர் இட்ட ஊதா, இவை சேர்ந்த அந்தக் குறித்த ஓவியம் அவருடையது. 9ஆம் பிரிவு மறுவுருவாக்கவும் பொதுமக்களுக்கு வழங்கவும் உள்ள பொருளாதார உரிமைகளை அவருக்குத் தருகிறது. 13ஆம் பிரிவின்படி அவை அவருடைய வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டுகளும் நீடிக்கும்.

எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது 10ஆம் பிரிவு. பொருளாதார உரிமை எவரிடம் இருந்தாலும், படைப்பின் பிரதிகளில் தம் பெயர் குறிக்கப்படுவதைக் கோரும் உரிமையும், படைப்பு சிதைக்கப்பட்டுத் தம் மதிப்புக்குக் கேடு வருவதை ஆட்சேபிக்கும் உரிமையும் படைப்பாளரிடமே இருக்கும். கையொப்பத்தை வெட்டியது இந்த உரிமையைத் தொட்டது. ஆசிரியையின் மனத்தாங்கலும் அங்கேதான் இருந்தது. காசைப் பற்றி அவர் முதல் இரண்டு வாரமும் பேசவே இல்லை.

வேண்டுமென்றே பதிப்புரிமையை மீறுவது குற்றமுமாகும். நீதவான் முன் குற்றவாளியாகக் காணப்பட்டால் 5 இலட்சம் ரூபா வரை தண்டப்பணமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். பொலிஸில் முறையிடலாம் என்று உறவினர் சிலர் வற்புறுத்தினார்கள். நாங்கள் கலந்தாலோசித்த சட்டத்தரணி வேறு வழியைக் காட்டினார். நாட்காட்டிகள் ஏற்கெனவே விநியோகிக்கப்பட்டு வீட்டுச் சுவர்களில் தொங்கின. தடையுத்தரவால் அவற்றைக் கழற்ற முடியாது. நட்டஈட்டு வழக்கென்றால் கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றத்துக்குப் போய்வர வேண்டும். 68 வயதான ஒருவருக்கு ஒரு நாட்காட்டிக்காக அது தகாது. எழுத்தில் கேளுங்கள், ஆதாரத்தைப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள் என்றார்.

ஆதாரக் கோவையை இப்படித் தயாரித்தோம்: 2017ஆம் ஆண்டுத் திகதியோடு ஆசிரியையின் வரைதல் கொப்பியில் இருந்த பென்சில் முன்வரைவு, ஸ்கானரிலிருந்து வந்த சுருக்கப்படாத மூலக்கோப்பு, இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷின் 2019இல் எங்கள் பக்கத்தைச் சேமித்திருந்த பிரதி, நாட்காட்டியையும் மூலக்கோப்பையும் மயிரும் கறையும் தெரியும்படி பெருக்கிப் பக்கத்தில் பக்கமாக வைத்த ஒரு தாள். கடிதம் ஒரே பக்கம். படம் எது, உரிமை யாருடையது, என்ன கேட்கிறோம், எத்தனை நாளுக்குள் என்பவை மட்டும் அதில் இருந்தன. குற்றஞ்சாட்டும் சொல் ஒன்றும் இருக்கவில்லை. பதிவுத் தபாலில் கடைக்கும் அச்சகத்துக்கும் அனுப்பினோம்.

பன்னிரண்டாம் நாள் கடைக்காரர் மனைவியோடு கொக்குவிலுக்கு வந்தார். பேச்சு முடிய ஒரு மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. அச்சகமும் கடையும் சேர்ந்து, ஒரு பதிப்புக்கான அனுமதிக் கட்டணமாக 40,000 ரூபா கொடுக்க இணங்கின; எஞ்சியிருந்த பிரதிகளில் ஓவியரின் பெயர் அச்சிட்ட சிறு தாளை ஒட்டித் தந்தார்கள்; இனி அந்தப் படத்தைப் பயன்படுத்துவதில்லை என்று எழுதிக் கையொப்பமிட்டார்கள். ஆசிரியை பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்தார். தொகை சிறியது என்று சொல்பவர்கள் உண்டு. முதன்முறையாக ஒரு யாழ்ப்பாண அச்சகம் ஓர் ஓவியத்துக்கு 'அனுமதிக் கட்டணம்' என்ற பெயரில் அவருக்குக் காசு கொடுத்தது என்பதை நான் பெரிதாக எண்ணுகிறேன்.

ரொறன்ரோவில் நான் விட்ட பிழை

நாட்காட்டி விடயம் நடந்துகொண்டிருந்தபோது, தொகுதியிலுள்ள எல்லா ஓவியங்களையும் ரின்ஐ, கூகுள் லென்ஸ் ஆகிய படவழித் தேடல்களில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். அதே சங்கடப்படலை, கேட்பவருக்கு அச்சிட்டு அனுப்பும் அமெரிக்கத் தளமொன்றில் ரீ-சேர்ட்டிலும் தேநீர்க் கோப்பையிலும் விற்பனைக்கு இருந்தது. விற்பனையாளரின் பெயர் ஓர் ஊரின் பெயராக இருந்தது. எங்கள் கோப்பு இங்கேயும் போய்விட்டது என்று நான் எண்ணினேன்.

அமெரிக்காவில் இயங்கும் தளங்களுக்கு 1998ஆம் ஆண்டின் டிஜிட்டல் மில்லேனியம் பதிப்புரிமைச் சட்டம் ஒரு நடைமுறையை வகுத்திருக்கிறது. உரிமையாளர் எழுத்தில் அறிவித்தல் கொடுத்தால், தளம் விரைந்து அந்தப் பொருளை அகற்ற வேண்டும். அகற்றினால் பாவனையாளர் செய்த மீறலுக்குத் தளம் பணப்பொறுப்பிலிருந்து விலக்குப் பெறும். அறிவித்தலில் எந்தப் படைப்பு மீறப்பட்டது, மீறும் பொருள் எந்த முகவரியில் இருக்கிறது, அறிவிப்பவரைத் தொடர்புகொள்வது எப்படி என்பவை இருக்க வேண்டும். அந்தப் பயன்பாடு அனுமதிக்கப்படவில்லை என்று நல்லெண்ணத்துடன் நம்புவதாகவும், சொன்னவை சரியானவை என்றும், பொய்ச்சத்தியத்துக்கான தண்டனைக்கு உட்பட்டுத் தாம் உரிமையாளர் சார்பில் செயற்பட அதிகாரம் பெற்றவர் என்றும் கூறிக் கையொப்பமிட வேண்டும். மறுபக்கத்தவர் எதிர் அறிவித்தல் கொடுத்தால், உரிமையாளர் வழக்கிடாவிட்டால், 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் பொருள் மீண்டும் ஏற்றப்படும். நான் ஆசிரியையிடம் கையொப்பம் வாங்கி ஒரு மாலையில் அறிவித்தலை அனுப்பினேன். இரண்டு நாளில் பொருட்கள் அகற்றப்பட்டன. விற்பனையாளரின் கணக்கும் முடக்கப்பட்டது.

மூன்றாம் நாள் ரொறன்ரோவிலிருந்து ஆசிரியைக்கு அழைப்பு வந்தது. விற்றவர், ஓவியத்தை 2021இல் வாங்கிய குடும்பத்தின் மகன். தம் ஊர்ச் சங்கத்துக்கு நிதி சேர்ப்பதற்காக, வீட்டுச் சுவரில் தொங்கும் ஓவியத்தைத் தானே படமெடுத்து அச்சுத் தளத்தில் ஏற்றியிருந்தார். "ரீச்சர், காசு குடுத்து வாங்கின படம்தானே, அது எங்கடைதானே எண்டு நினைச்சன்," என்றார். அவருடைய குரல் நடுங்கியதை ஆசிரியை எனக்குச் சொன்னார். சங்கத்தார் முன்னிலையில் கணக்கு முடக்கப்பட்டது அவருக்குப் பெரிய தலைகுனிவாகிவிட்டது.

சட்டத்தின்படி அவர் எண்ணியது பிழை. ஓவியத்தை வாங்குபவர் வாங்குவது அந்தத் தாளையும் வண்ணத்தையும். சுவரில் மாட்டலாம், மீள விற்கலாம், பிள்ளைக்குக் கொடுக்கலாம். பிரதி செய்து விற்கும் உரிமை எழுத்தில் கைமாற்றப்பட்டால் தவிர ஓவியரிடமே இருக்கும். ஆனால் இதை 2021இல் அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஓவியத்தோடு ஒரு பற்றுச்சீட்டு மட்டும் போனது. அதில் விலையும் திகதியும் தவிர ஒரு வரியும் இல்லை.

நான் விட்ட பிழை இதைவிட வெளிப்படையானது. ரீ-சேர்ட்டில் இருந்த படத்தைப் பின்னர் பெருக்கிப் பார்த்தேன். தூணின் அடியில் மயிர் இல்லை. வலப்பக்க மேல்மூலையில் கண்ணாடியில் விழுந்த யன்னல் வெளிச்சத்தின் மங்கிய சாய்வு இருந்தது. கையொப்பம் வெட்டப்படாமல் இருந்தது. நாட்காட்டி விடயத்தில் நாங்கள் சான்றாகக் காட்டிய அதே மயிர், அது இல்லாததன் மூலம், இந்தப் படம் எங்கள் கோப்பிலிருந்து வந்ததன்று, ஓவியத்தைக் கையில் வைத்திருப்பவரிடமிருந்து வந்தது என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒரு தொலைபேசி அழைப்போடு முடிந்திருக்கும்.

ஆசிரியை தளத்துக்கு எழுதி அறிவித்தலை மீளப் பெற்றார், கணக்கு மீண்டது. அந்தச் சங்கத்துக்கு, 200 பொருட்கள் வரை, இலாபம் முழுவதும் ஊர்ப் பாடசாலைக்குப் போக வேண்டும், ஒவ்வொரு பொருளிலும் ஓவியரின் பெயர் இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு எழுத்தில் அனுமதி கொடுத்தார். அதன் பின் விற்ற எல்லா ஓவியங்களோடும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அரைப்பக்கக் குறிப்பு ஒன்று போகிறது: எதை விற்கிறோம், எதை விற்கவில்லை என்பது.

தளத்தைத் திருத்திய விதம்

முதலில் பெட்டகத்தைப் பிரித்தோம். முழு அளவுக் கோப்புகள் இப்போது இரண்டு வெளிவன்தட்டுகளில் இருக்கின்றன. ஒன்று கொக்குவிலில், மற்றொன்று இலண்டனில் ஆசிரியையின் சகோதரி வீட்டில். மூன்றாவது பிரதி கடவுச்சொல்லுக்குப் பின்னால் மேகச் சேமிப்பில். 1995இன் அச்சத்துக்கு இது தக்க விடை என்று ஆசிரியை ஏற்றுக்கொண்ட பின்னரே தளத்தில் கைவைத்தேன்.

பழைய கோப்புகளை நீக்குவது நினைத்ததைவிடச் சிக்கலாக இருந்தது. வேர்ட்பிரஸ் ஒரு படத்தை ஏற்றும்போது பல சிறு அளவுகளை ஆக்கிக்கொள்ளும். 2019 நவம்பரில் வந்த 5.3 பதிப்பிலிருந்து 2560 பிக்சலுக்கு மேற்பட்டவற்றைக் குறைத்தும் காட்டும். ஆனால் மூலக்கோப்பு சேவையகத்தில் அப்படியே கிடக்கும். முகவரியை ஊகிக்கத் தெரிந்தவர் திறக்கலாம். ஊடக நூலகத்தில் ஒவ்வொரு படத்தையும் அடியோடு அழித்து, முன்கூட்டியே 1200 பிக்சலுக்குக் குறைத்த கோப்புகளைப் புதிதாக ஏற்றினேன். இதற்கு ஓர் எதிர்பாராத பலன்: முன்பு கைத்தொலைபேசியில் திறக்கத் தடுமாறிய பக்கங்கள் இப்போது உடனே திறக்கின்றன, பார்ப்பவர்கள் அடுத்த படத்துக்கும் போகிறார்கள்.

பெயர் பற்றிய வேலைக்குத்தான் அதிக நாள் எடுத்தோம். ஒவ்வொரு கோப்புக்கும் ஓவியர் பெயர், ஓவியத்தின் பெயர், ஆண்டு சேர்ந்த கோப்புப்பெயர் வைத்தோம். படக்கோப்புக்குள்ளேயே பதியும் ஐபிரிசி எனப்படும் உட்தகவல் புலங்களில் படைப்பாளர், பதிப்புரிமைக் குறிப்பு, அனுமதி கேட்கும் பக்கத்தின் முகவரி ஆகியவற்றை எழுதினோம். கூகுள் படத்தேடல் இவற்றை வாசித்துப் படத்தின் அருகில் காட்டக்கூடியது, 2020 முதல் அனுமதி பெறலாம் என்ற அடையாளத்தையும் இடுகிறது. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பியதும் இந்த உட்தகவல் கழன்றுவிடும் என்பதால் இதை மட்டும் நம்ப முடியாது. ஆகவே ஓவியத்துக்குக் கீழே, ஓவியத்தைத் தொடாமல், ஒரு வெள்ளைப் பட்டி சேர்த்து அதில் பெயரும் ஆண்டும் தளமுகவரியும் இட்டோம். ஒவ்வொரு பக்கத்திலும் ஆசிரியையே எழுதிய 150 சொற்கள் அளவான குறிப்பு இருக்கிறது: படலை எந்தத் தெருவில் இருந்தது, எந்த மாதத்தில் வரைந்தார், கூரை ஓலையா ஓடா என்பது வரை. இப்போது 'சங்கடப்படலை' என்று தேடுபவர் முதலில் காண்பது அவருடைய சொற்களை.

படத்தின் நடுவே குறுக்காக வாட்டர்மார்க் இட்டுப் பார்த்தோம். "படத்துக்கு மேல முள்ளுக்கம்பி அடிச்ச மாதிரி இருக்கு, எடுத்துவிடுங்கோ," என்றார் ஆசிரியை. நீர்வண்ணத்தின் மெல்லிய பூச்சில் அது உண்மையிலேயே கண்ணை உறுத்தியது. அதை அழிக்கும் கருவிகளும் இலகுவாகக் கிடைக்கின்றன. வலச் சொடுக்கைத் தடுக்கும் நிரலும் பயனற்றது, திரையைப் படமெடுக்க ஒரு விநாடி போதும். இரண்டையும் விட்டோம். ஆனால் ஆசிரியை தாமாகவே ஒரு மாற்றம் செய்தார்: 2023இலிருந்து வரையும் ஓவியங்களில் கையொப்பத்தை மூலையில் இடுவதில்லை, தூணின் அடியிலோ கிணற்றுக் கட்டின் ஓரத்திலோ, வெட்டினால் படமே கெடும் இடத்தில் இடுகிறார்.

பகிர்தலை மூடிவிட வேண்டும் என்று நான் ஒரு கட்டத்தில் சொன்னதை அவர் மறுத்தார். பாடசாலைகளில் படிப்பிப்பதற்காக வரைந்த பென்சில் கோட்டோவியங்களைக் பிறர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தின் 4.0 பதிப்பில், பெயர் குறிப்பிட்டு வணிகமல்லாத தேவைக்குப் பயன்படுத்தலாம் என்ற வகையில் திறந்து விட்டிருக்கிறோம். அந்த உரிமத்தை ஒருமுறை கொடுத்தால் திரும்பப் பெற முடியாது என்பதை விளக்கியபின் அவர் 18 கோட்டோவியங்களைத் தெரிந்தெடுத்தார். நீர்வண்ண ஓவியங்களுக்கு எல்லா உரிமையும் தம்மிடமே வைத்துக்கொண்டு, வகுப்பறையில் காட்டுவதற்குக் கேட்கத் தேவையில்லை, அச்சிடக் கேட்க வேண்டும் என்று நேரான தமிழில் எழுதிவைத்தார்.

செயற்கை நுண்ணறிவுக்குப் படங்களைத் திரட்டும் நிரல்கள் பற்றி இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். எந்தத் திரட்டி உள்ளே வரலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில், ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் ஜிபிரிபொட் முதலிய திரட்டிகளை மறுத்திருக்கிறோம். அது வேண்டுகோள்தான், பூட்டு அன்று. சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023 மார்ச்சில் வெளியிட்ட கிளேஸ் என்ற மென்பொருள், பாணியைக் கற்கும் மாதிரிகள் குழம்பும்படி படத்தின் பிக்சல்களில் நுண்மாற்றம் செய்கிறது. இரண்டு ஓவியங்களில் முயன்றோம். வானப் பூச்சில் மணல் தூவியதுபோல ஒரு சொரசொரப்புத் தெரிந்தது. இத்தகைய காப்பைக் கடக்கும் வழிகளையும் வேறு ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆசிரியை வேண்டாமென்றார். நான் அந்த முடிவோடு உடன்படுகிறேன், ஆனால் நிம்மதியாக அல்ல.

இப்போதைய நிலை

நான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா ஓவியங்களையும் படவழித் தேடலில் பார்க்கிறேன். பெயரில்லாமல் முகநூல் பக்கங்களில் கிடந்தவற்றுக்கு ஆசிரியையின் பெயரில் பணிவான ஒரே குறிப்பை அனுப்பினோம். 17 பக்கங்களில் 11 பக்கங்கள் பெயரைச் சேர்த்தன, இரண்டு படத்தை எடுத்தன, நான்கு பதிலளிக்கவில்லை. அறிவித்தல் அனுப்புவதற்கு முன் மூன்று கேள்விகளை எழுதிவைத்திருக்கிறேன்: மயிர் இருக்கிறதா, கண்ணாடி தெரிகிறதா, இந்த ஓவியம் இப்போது யாருடைய சுவரில் இருக்கிறது.

2023 நவம்பரில் அதே அச்சகத்திலிருந்து, அதே இளைஞர், மறுவருட நாட்காட்டிக்கு ஆவுரஞ்சிக்கல் ஓவியத்தைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினார். கட்டணம், பிரதிகளின் எண்ணிக்கை, பெயர் இடும் இடம் ஆகியவை எழுத்தில் முடிவான பின்னர், முழு அளவுக் கோப்பை அவருக்கு மட்டும் திறக்கும் இணைப்பாக அனுப்பினோம். அச்சுக்கு முன் பார்வைப்படி கொக்குவிலுக்கு வந்தது. ஆசிரியை உருப்பெருக்கிக் கண்ணாடியோடு அதைப் பார்த்து, கல்லின் நிழலில் மஞ்சள் கூடிவிட்டதென்று ஓரத்தில் பென்சிலால் எழுதித் திருப்பி அனுப்பினார்.